வலப்பக்க ஸ்டியரிங்

பரிசோதனைக்காரன் சுத்தியலால் ஒரே தட்டு.
கதவுக்குக் கீழே இருந்த சட்டம்
அப்பளம் மாதிரி நொறுங்கித்
தரையில் கொட்டியது.
"ஒரு மாதம்" என்றான்,
துருப் படிந்த விரலைத் துடைத்துக்கொண்டே.
"சரிசெய்து கொண்டு வா,
இல்லையென்றால் நம்பர் பிளேட்டைக் கழற்று."

நாலு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர்.
அதில் பாதிக்கு மேல்
மணிக்கு இருபதில்,
தபால் பெட்டிக்குத் தபால் பெட்டி,
இரவு ஒன்றிலிருந்து காலை ஆறு வரை.
சுவோமுசல்மியில் எல்லோருக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம்,
எனக்கு மட்டும் வலப்பக்கம்.
பேப்பர் போடுகிறவள் நான்;
கண்ணாடியை இறக்கிக் கை நீட்டினால்
பெட்டியின் வாய்க்குள் விரல் போக வேண்டும்.
இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கொரோலா.
அந்த மாதிரி இன்னொன்று
இந்தப் பக்கம் விற்பனைக்கு வந்து
ஆறு வருஷம் ஆகிறது.

இல்போ அடியில் படுத்துப் பார்த்தான்.
வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு ஒரு பூட்ஸ் மட்டும் அசைந்து
"இரண்டு பக்கமும் போச்சு. ஆயிரத்து நானூறு யூரோ" என்றது.
"எஞ்சின்?"
"அதைக் கேட்காதே.
உன்னையும் என்னையும் புதைத்துவிட்டுத்தான் அது போகும்."
வண்டியை விற்றால் அதில் பாதிகூடத் தேறாது.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
பழைய இரும்புக்கார ரவுனோ
நூற்றைம்பது தருவதாகச் சொன்னான்,
சக்கரத்தோடு.

மிஞ்சிய பேப்பர் ஒன்றின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
இரங்கல் பக்கம்; அதில்தான் வெள்ளை இடம் அதிகம்.
ஜனவரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் அச்சு
என்று கம்பெனி கடிதம் போட்டிருக்கிறது.
மூன்று நாளுக்கு எவ்வளவு பெட்ரோல்,
எத்தனை மாதத்துக்கு இந்த மூன்று,
அப்புறம் இரண்டா, பூஜ்யமா?
கூட்டியதைவிட அடித்தது அதிகம்.
ஒரு கட்டத்தில் எனக்கே தெரியவில்லை,
வண்டிக்குக் கணக்குப் போடுகிறேனா
எனக்கா என்று.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து இழுத்துப் போ
என்று ரவுனோவிடம் சொல்லிவிட்டேன்.
சொல்லி முடித்ததும் நன்றாகப் பசித்தது.

புதன் இரவு மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சினுக்குச் சூடேற்றும் ஒயரைச்
சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.
முனகியது, இருமியது,
கெட்ட வார்த்தை மாதிரி ஏதோ சொன்னது,
எழுந்துகொண்டது.

டிப்போவில் யூசோ நின்றிருந்தான்.
இரண்டு தவணை மட்டுமே கட்டிய அவன் புது வண்டி
விளக்குகூட எரியாமல் கிடந்தது.
"துய்யா, என் தெருக்களை..."
மீதியை வாய் ஆவி சொல்லி முடித்தது.

அவன் நூற்றிருபது பேப்பரையும் பின்சீட்டில் ஏற்றினோம்.
இடப்பக்கம் உட்கார்ந்தவன்
திருப்பத்துக்குத் திருப்பம்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான்.
ஒவ்வொரு பள்ளத்திலும் கீழே ஏதோ உதிர்ந்தது.
காதில் விழாத மாதிரி நான் ஓட்டினேன்,
விழாத மாதிரி அவன் மடித்துக் கொடுத்தான்.

வீடு திரும்பும்போது பத்தரை.
ரவுனோவின் லாரி முற்றத்தில்
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.
வண்டி நின்ற இடத்தில் பனி விழாத நீள்சதுரம்.
அதையாவது ஏற்றிப் போகலாமா என்பது போல
அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

எஞ்சினை அணைக்கவில்லை நான்.
கண்ணாடியை இறக்கிக் கை நீட்டி
மிஞ்சிய பேப்பரைக் கொடுத்தேன்.
"ஏப்ரலில் வா."
"ஏப்ரலில் நூறுதான்."
"சரி."
அவன் பேப்பரைப் பிரித்து
முதலில் வானிலையைப் பார்த்தான்.

இல்போவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.
ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வைக்க
எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும்.
சுத்தியல் தட்டாத அந்த இன்னொரு பக்கம்
இதுவரை யாரிடமும்
எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே.