எடை

முதுநகர் துறைமுகத்து ஏலக்கூடத்தில்
தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கணக்கெழுதுகிறவள் நான்.
வஞ்சிரத்துக்கு ஒரு வரி,
கோழித்தீவன லாரியில் ஏறும்
கழிசல் மீனுக்கும் ஒரு வரி.
எதையும் எழுதாமல் விட்டதில்லை.

துடிப்பு நின்றது வியாழக்கிழமை என்றார்கள்.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி,
பதினாலாம் கட்டில்.
வெள்ளி காலை மாத்திரை.
சனி விடியலில்
வலி தன் வேலையை முடித்துக்கொண்டது.

காட்டுங்கள் என்றேன்.

"வேணாம்மா" என்றார் டாக்டர் சசிரேகா.
"பாத்தவங்க தூங்குனதில்ல.
இருபது வருஷமா பாக்குறேன்.
ஒங்க நல்லதுக்குத்தான்."

பொய் சொல்கிற முகமில்லை அது.
ராத்திரி முழுக்க
என் முதுகைத் தேய்த்துவிட்ட கைதான்.
ஆனாலும்
என் தூக்கத்தைப் பற்றி
என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வராந்தாவில் கலைநாதன்
ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான்.
எதில் என்று அவனுக்கும் தெரியாது.
"டாக்டர் சொன்னாங்க" என்றான்,
வலை அறுந்தால்
காற்றைச் சொல்வது போல.

"பத்தொம்பது வாரந்தான்.
இதுக்குப் பதிவு கெடையாது.
திசுன்னுதான் எழுதுவோம்."
நர்ஸின் கையில் மஞ்சள் பை,
வாய் இன்னும் கட்டாமல்.

சரி, எடை எவ்வளவு என்றேன்.

யாரும் பேசவில்லை.
மின்விசிறி மட்டும் கடகடவென்றது.
"எதுக்கும்மா அது?"

எடை போடாமல் எதையும்
கைவிட்டுப் பழக்கமில்லை எனக்கு.

டாக்டர் கதவுவரை போனார், நின்றார்,
நர்ஸைப் பார்த்தார்.
திரைக்கு அந்தப் பக்கம்
ஏதோ தட்டு நகர்ந்த சத்தம்.
திரும்பாமலே சொன்னார்:
"எரநூத்தி அறுவத்தஞ்சு."

திரை விலகவில்லை.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி, எடை.
விலைக்கட்டத்தில்
ஒரு கோடுகூடப் போடவில்லை.

இப்போது தூங்குகிறேன்.
பார்க்காததால்தான் தூங்குகிறேனா,
பார்த்திருந்தாலும் தூங்கியிருப்பேனா?
இதை எந்தத் தராசில் வைப்பது?
அவர் சொன்னது சரியென்றே இருக்கட்டும்.
சரியானதை அவர் எடுத்துக்கொண்டார்,
நான் கொடுக்கவில்லை.

போன ஞாயிறு
கூடையோடு வந்து நின்றார், சங்கரா கேட்டு.
என்னைத் தெரிந்தது என்பது
எனக்குத் தெரிந்தது.
தட்டில் மீனை வைத்தேன்.
சிவப்பு எண்கள் ஏறின, இறங்கின.
நிற்கும்வரை
இரண்டு பேரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.