பொதுச்சுவர்

நில அளவைத் துறையில் சுவருக்கு இரண்டே விடை:
ஒருவருடையது,
இல்லையென்றால் பொது.

போர் லூயிக்குக் கிழக்கே, மலபார் முகாமில்,
ஒரு ஆள் குடை விரித்தால் மறு ஆள் காத்திருக்கும் சந்தில்
நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி நிற்கிறேன்.
இப்பக்கம் வலாய்தோன் வீடு.
வேலாயுதன் என்று சொன்னது
பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காதுக்குள் போய்
வலாய்தோன் என்று வெளியே வந்தது.
இருநூற்றைம்பது வருஷமாக யாரும் திருத்தவில்லை.
அப்பக்கம் ஒர்த்தான்ஸ் அம்மாளின் தையல்கடை.
நான்கு வருஷ வழக்கு.
மழைக்குழாய் யார் முற்றத்தில் சொட்டுவது
என்பதில் ஆரம்பித்தது.

சுவர் ஒன்றும் சொல்லவில்லை.
கருங்கல். கடலில் வெட்டிய பவளத்தைச் சுட்ட சுண்ணாம்பு.
கூடவே வெல்லப்பாகு என்கிறார்கள்;
நக்கிப் பார்த்தேன், உப்புத்தான்.
அறுபதில் வந்த புயலுக்கு
தெருவின் தகரமெல்லாம் துறைமுகம் வரை பறந்ததாம்.
இது அசையவில்லை.

தூக்குக்குண்டை இறக்குகிறேன்.
இடுப்பு வரை நூல் பிடித்தாற்போல் நேர்.
அதற்குமேல் இரண்டு விரல்
தெற்கே சாய்கிறது.

வலாய்தோன் சிரிக்கிறார், இதற்கென்றே காத்திருந்தவர்போல.
"கூலியில் பாதியைக் கப்பல்காரன் கொடுக்கவில்லை.
என் மூதாதை கொத்தன்.
பாக்கி எவ்வளவோ
அவ்வளவு சாய்த்துவிட்டுப் போனார்."
கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி
மழுங்கிய கதை. நானே மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

பத்திரம் ஆவணக்காப்பகத்தில் இருந்தது.
பூச்சி தின்றது போக மிச்சம்.
கொத்தன் கையெழுத்துப் போடவில்லை;
ஒரு தூக்குக்குண்டு வரைந்திருக்கிறான்,
அழகாக, கயிற்றின் முறுக்குகூட விடாமல்.
அதற்கு மேலே அவன் சொத்து:

கரணை மூன்று.
மட்டப்பலகை ஒன்று.
சுத்தியல் ஐந்து, ஒன்றுக்குப் பிடி இல்லை.
கறவைப் பசு ஒன்று.
ஆள் ஒன்று, ழெரோம், மொசாம்பிக்கன்,
சுண்ணாம்பு நீற்றத் தெரிந்தவன், இடக்கைக்காரன்.
பித்தளை அண்டா ஒன்று.

பசுவுக்கும் அண்டாவுக்கும் நடுவே.

அன்று மதியம் தால்பூரி வாங்கினேன்.
பிரிக்காமலே பையில் ஆறியது.

மறுநாள் அனுமதி கேட்டு
பூச்சைக் கொஞ்சம் சுரண்டினேன்.
கீழே கரணை இழுத்த தடமெல்லாம்
இடமிருந்து வலம்.
இடுப்புக்குமேல், வலமிருந்து இடம்.
கொத்தனுக்குக் காய்ச்சலா, பெரிய வீட்டில் வேறு வேலையா,
நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டானா,
பத்திரத்தில் இல்லை.
பாதிச் சுவர் வேறொரு கை எழுப்பியது.
அந்தக் கைக்குக் கூலி பாக்கி இல்லை.
கூலியே இல்லை.
கைநாட்டுக்கும் அந்தத் தாளில் அவனுக்கு இடமில்லை:
அவன் தாளுக்கு உள்ளே இருந்தான்.

ஒர்த்தான்ஸ் அம்மாள் பள்ளிச் சீருடை ஒன்றை
வெட்டிக்கொண்டிருந்தார்.
கத்தரிக்கோல் இடக்கையில்.
இதை எழுதுகிறேனே தவிர
இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன்.
பத்துப் பேரில் ஒருவருக்கு இடக்கை.
என் தம்பிக்கும்தான்.

வலாய்தோனிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
திரும்ப மாட்டவில்லை.
"சுத்தியல் ஐந்தா?" என்றார் கடைசியில்.
"ஐந்து."
குழாயைத் தன் பக்கமே திருப்பிக்கொள்வதாகச் சொன்னார்.
அது எதற்கும் ஈடில்லை என்று
அவருக்கும் தெரிந்திருந்தது;
குரல் அப்படித்தான் வந்தது.

அறிக்கையில் பொது என்று எழுதினேன்.
சாய்வு: இரண்டு விரல், தெற்கே.
காரணம் என்ற கட்டம் காலி.

இந்தச் சந்தின் முக்கில், முடிவெட்டும் கடை இருக்குமிடத்தில்,
எங்கள் வீட்டுக் கொல்லனுக்குப் பட்டறை இருந்தது.
அவன் பத்திரமும் அதே அலமாரியில்,
கீழிருந்து இரண்டாம் தட்டில்.
எண் தெரியும்.
இன்னும் கேட்டு எடுக்கவில்லை.