ஓட்டை இலை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவ்ரியில் இறங்கி
தண்டவாள ஓரமாய் நடப்பேன்.
ஹார்பர் லைனுக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே
யாரும் கேட்காத நிலத்தில் எருக்கு.
உன் வீட்டில் முளைக்க என்று
சாபத்தில் மட்டும் பேர் வருகிற செடி.
இங்கே அதற்கு விலை உண்டு.
சனிக்கிழமை மாருதிக்கு இருபத்தோரு இலை,
இடையிடையே பூ. முப்பது ரூபாய்.
மாதுங்கா ரோடு ஸ்டேஷன் வாசலில் என் கூடை.

அடியைத் திருப்பிப் பார்த்துத்தான் வெட்டுவேன்.
ஓட்டை இருந்தால் மாலைக்கு ஆகாது.
தத்தாராம் ஒருமுறை
கட்டிய மாலையைத் திருப்பியே கொடுத்துவிட்டார்,
சாமிக்கு எச்சில் இலையா என்று.
எச்சில்தான்.
யாருடையது என்று அப்போது தெரியாது.

உப்புக்கல்லில் பாதி இருக்கும் முட்டை.
ஒரு இலைக்கு ஒன்று, அதுவும் அடிப்பக்கம்.
வெளியே வந்ததும் முட்டையோட்டைத்தான் முதலில் தின்கிறது.
பிறகு ஒரு வாரத்தில்
கறுப்பு வெள்ளை மஞ்சள் வளையம் போட்டு
முதுகில் மூன்று ஜோடிக் கொம்போடு நிற்கும்.
முதல் தடவை கையை உதறிவிட்டேன்.
கூடவே வெட்டுக்கத்தியும் போய் விழுந்தது.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் போகும்.
அதனால் காம்பை நறுக்கி, கட்டைத் தலைகீழாய்
சாக்கில் நிறுத்தி வைப்பேன்,
விடிவதற்குள் வடிந்துவிடும்.
புழுவும் அப்படித்தான்.
நடு நரம்பைக் கடித்துவிட்டு
கொஞ்சம் தள்ளிப் போய்க் காத்திருக்கிறது.
வெள்ளை சொட்டுச் சொட்டாய் இறங்கி நின்றபின்
நுனியிலிருந்து தின்ன ஆரம்பிக்கிறது.
இரண்டு பேருக்கும் ஒரே தொழில்.
அது தொட்ட செடியை நான் விட்டுவிடுவேன்,
இரக்கத்தால் இல்லை,
விற்காது, அதனால்.

பக்கத்து அறை மெர்ஸி போனில் பார்த்துச் சொன்னாள்:
வெந்தய வரியன்.
டப்பாவைத் திறந்து வெந்தயத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
இறக்கையின் நிறம் இன்னும் கொஞ்சம் வறுபட்டது.
ஓரத்தில் கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் புள்ளி.
ஒருநாள் கம்பியில் இருந்த கரிச்சான் பாய்ந்து பிடித்தது,
பிடித்த வேகத்தில் துப்பியது.
பால் குடித்து வளர்ந்த உடம்பு, அத்தனையும் கசப்பு.
அலகு பட்டு இறக்கை கிழிந்தும்
அது பதறாமல் பறந்து போயிற்று.
இந்த ஊரில் நிதானமாய்ப் போகிற ஒன்றை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மழைக்கு முன்னால் ரயில்வே ஆட்கள் வந்தார்கள்.
ஒரே காலையில் எல்லாம் தரை மட்டம்.
வெட்டிப் போட்டதைப் பொறுக்கினேன், ஆறு சாக்கு.
அவசரத்தில் அடியைப் பார்க்கவில்லை.
சனிக்கிழமை பேரம் பேசி வாங்கிய அம்மாள்
மாலையைத் தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது
பச்சையாய் ஒன்று தொங்குவது,
தட்டான் பொட்டுப் பொட்டாய்த் தங்கம் வைத்து
வரிசையை முடிக்காமல் எழுந்து போன மாதிரி.
கூப்பிடுவதற்குள் படி ஏறிவிட்டாள்.

கூடையை மூடிவிட்டுக் கோயிலுக்குப் போனபோது
மாலைகள் பழைய பூத் தொட்டிக்குப் போக
மூலையில் குவிந்து கிடந்தன.
என் முடிச்சு எனக்குத் தெரியும்.
பூசாரியிடம் என் அரைகுறை மராட்டியில் கேட்டேன்.
கொடுத்த மாலையைத் திருப்பிக் கேட்கிறாயே என்று சிரித்தார்,
ஆனாலும் கொடுத்தார்.

துணி காயும் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை கறுத்தது.
திங்கட்கிழமை விடியலில்
நான் குழாயடியில் மூன்றாவது குடத்துக்கு நிற்கையில்
அது வெளியே வந்திருக்கிறது.
சுவரில் செங்காவியாய் ஒரு சொட்டு.
இறக்கை, நனைந்த டிக்கெட் போல மடங்கி.
ஒரு மணிநேரம் கழித்து
தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த வானத்தில்
ஏறிப் போயிற்று.
எந்த எருக்கைத் தேடி என்று கேட்காதீர்கள்.

மழை பிடித்துப் பத்தாம் நாள் கட்டைகள் துளிர்த்தன.
அடியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.
அடுத்த வாரமும் இல்லை.
புரட்டாசியில் ஒரு செடியில் மட்டும்
நாலு இலையில் ஓட்டை.
அதை விட்டு அடுத்ததை வெட்டினேன்.
அந்த வாரம் மாலைக்குப் பத்தொன்பது இலைதான் கோத்தேன்.
யாரும் எண்ணவில்லை.