மார்பளவு என்றால் எத்தனை மீட்டர்

நாற்பத்தெட்டாயிரம்.
இரண்டு தவணையாக.
முதல் தவணை ஏறிய அன்று
வங்கிக் குறுஞ்செய்தியைச் சங்கத்தில் உரக்கப் படித்தேன்.
"இதுல ஒரு வலை வாங்க முடியுமா?" என்றார் எல்லப்பன்.
முடியாது.
"அப்போ ஆத்துக்கு மட்டும் எப்படிக் காணும்?"

சாம்பல் குழாய் ஒருமுறை வெடித்தால்
ஒட்டுப்போடவே இதைவிட அதிகம் ஆகும் என்று
பின்வரிசையில் ஒரு குரல்.
அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது:
மூங்கில் கழி நான்கு, சிவப்புப் பெயின்ட் அரை லிட்டர்,
நைலான் கயிறு, நனையாத அட்டை போட்ட நோட்டு இரண்டு,
டீ.
டீக்கு ரசீது இல்லை.

எண்ணூரில் கொசஸ்தலை எவ்வளவு தூர்ந்திருக்கிறது
என்று அளப்பதுதான் திட்டம்.
சமூகமே முன்னின்று நடத்தும் என்று எழுதியிருந்தோம்.
முன்னே நின்றவர்கள்
கையால் இறால் தடவும் பதினோரு பெண்கள்.
வாயில் பறியைக் கடித்தபடி போகிறவர்கள்,
தண்ணீருக்குள் பேச முடியாது.
கரையேறித்தான் சொல்வார்கள்:

"ரயில் பாலத்துக்குக் கீழ, முட்டி."
"வெந்நீர் விழுற எடம், அதுக்கும் கம்மி. கால் சுடுது."
"அலையாத்தித் திட்டு ஓரம், மார்பு."

யாருடைய மார்பு?
பூங்காவனம் என் தோளுக்குத்தான் வருவாள்.
தேசராணி எந்த வாசலிலும் குனிந்து நுழைபவள்.
படிவத்தில் இருப்பது மீட்டர் என்று ஒரு கட்டம்,
சுண்டுவிரல் அகலம்.

ஒரு சாயங்காலம் கழியைச் சுவரோரம் நிறுத்தி
பதினோரு பேரையும் அளந்தேன்.
முட்டி, இடுப்பு, மார்பு, முகவாய்.
ஒருத்தி குதிகாலை எக்கிப் பிடிபட்டாள்.
"இஸ்கூல்ல கூட என்னை யாரும் அளந்ததில்லை" என்றாள் கன்னியம்மா,
சிரித்துக்கொண்டே, பிறகு சிரிக்காமல்.
அதன்பின் அவர்கள் உடம்பைச் சொல்ல
நான் மீட்டரை எழுதினேன்.

படகு வாடகைக்குச் சண்டை வந்தது.
மூன்று விலைப்புள்ளி வாங்கச் சொன்னது விதி.
வலை விரிக்க முறைவைக்கும் அதே பாட்டை
நாங்கள் வாடகைக்கும் வைத்தோம்:
இந்த வாரம் உன் பாடு, அடுத்த வாரம் என் பாடு.
விலைப்புள்ளிகளும் கொடுத்தோம்,
மூன்றும் ஒரே தொகை,
ஒரே பேனா.

நிதி கொடுத்தவர்களிடமிருந்து கேள்வி:
நாற்பதாம் இடத்தில் ஆழம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது?
ஏற்றம், வற்றம் என்று பதில் எழுதினேன்.
நிலா வளர்வதற்கு ரசீது கேட்பார்களோ என்று பயந்தேன்.
கேட்கவில்லை. நல்லவர்கள்.

அட்டவணையை எடுத்துக்கொண்டு மூன்று அலுவலகம் ஏறினோம்.
ஒருவர் மேலட்டையைப் பார்த்தார்.
ஒருவர் எங்கள் காலில் இருந்த சேற்றைப் பார்த்தார்.
தை மாதம், சொல்லாமல் கொள்ளாமல்,
மிதவையில் ஒரு எந்திரம் வந்து
பாலத்துக்குக் கீழே நான்கு நாள் சாம்பல் வாரியது.
ஐந்தாம் நாள் போய்விட்டது.
எங்களாலா, வேறு எதனாலோ,
விளைவு என்ற கட்டத்தில் எழுதி எழுதி அழிக்கிறேன்.

கையிருப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
திருப்பி அனுப்ப வேண்டும்.
கை என்று எழுதும்போது நிமிர்ந்து பார்த்தேன்.
பாலத்தடியில் பூங்காவனம்,
இரண்டு கையும் சேற்றுக்குள்.
பல்லிலிருந்து பறியை எடுத்து, நனைந்த தொண்டையில் கத்தினாள்:
"இடுப்பு!"
"எவ்வளவு?"
"இடுப்புன்னு சொல்றேன்ல. என்னோடது. எழுதிக்கோ."