இரண்டு கோடு

மேடை கப்பல் ஆகாது,
கடலடியில் காலூன்றி நிற்கிறதே
என்கிறார் கம்பெனி வக்கீல்.
இரும்புக் கம்பி அறுந்து
அல்சீட் நாக்கனின் முதுகில் விழுந்தது
மேடையில்.
சரி, படகில் எத்தனை நாள்?
பத்தில் மூன்று நாளாவது மிதந்திருந்தால்
மாலுமி. வழக்குப் போடலாம்.
இல்லையென்றால்
வாரப்படி, அதோடு சரி.

ஹூமா ஊரின் குளிரூட்டிய அறையில்
அல்சீட்டுக்கு நாக்கு புரளவில்லை.
வலி மாத்திரை.

ஓடில்தான் பையைத் திறந்தாள்.
இறால் வலைக் கடையில் இனாமாய்த் தந்த
நாலு வருஷக் காலண்டர்கள்.
அவன் பேசிய நாளுக்கு ஒரு கோடு,
பேசாத நாளுக்கு இரண்டு.
சண்டைக்கென்று சேர்த்த கணக்கு;
விவாகரத்துக்குக் கொண்டுபோக
ஒருமுறை காரில்கூட ஏற்றினாள்.

மேடையில் ஃபோன் உண்டு.
படகில் சிக்னல் கிடையாது.
பேசாத நாளெல்லாம் இப்போது
அவன் மிதந்த நாள்.

எதிராளியின் விரல்
இரட்டைக் கோடுகளை எண்ணிக்கொண்டே போகிறது.
முப்பது விழுக்காட்டை
இதோ, தொடப்போகிறது.
ஜூலை பதினொன்றில் நின்றது.

"இந்த நாளும் படகுதானே?"

ஓடில் அல்சீட்டைப் பார்க்கவில்லை.

"அன்றைக்குக் கூப்பிட்டார்.
நான்தான் எடுக்கவில்லை."