கீறல்

வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ஏழு பேர், ஆறு நாற்காலி.
நான் ஜன்னல் திட்டில்.

இன்றைய தாளில் ஒரு சீனத்துக் கதை,
எங்களுக்காக இளக்கிய இங்கிலீஷில்.
படகில் போகிறவனின் வாள்
நழுவி ஆற்றில் விழுகிறது.
விழுந்த இடத்தைப் படகின் விளிம்பில் கீறி வைக்கிறான்.
கரை வந்ததும்
கீறலுக்கு நேர் கீழே குதித்துத் தேடுகிறான்.

டிராப், டிராப்டு.
மார்க், மார்க்டு.
சீக் மட்டும் சொன்ன பேச்சு கேளாமல்
சாட் என்று போய்விடுகிறது.

கேள்வி மூன்று: அவன் ஏன் முட்டாள்?
பதிலுக்கு இரண்டு வரி இடம்.

உவரியிலிருந்து வரும் சிலுவை ராயப்பன்,
கப்பல் வேலைக்குப் படிக்கிறவன், எழுந்தான்.
'முட்டாள் இல்ல டீச்சர்,
கரையப் பாக்கத் தெரியாதவன்.
எங்க அப்பா கோயில் கோபுரத்தையும்
பின்னால ஒத்தப் பனையையும் நேர் பிடிப்பாரு.
அந்தப் பக்கம் ஒரு காத்தாடி, ஒரு மலை.
ரெண்டு கோடும் வெட்டுத எடத்துல வலை கெடக்கும்.
கணியம்னு பேரு.
அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?'

மெர்சி டீச்சர் விடைத்தாளைப் பார்த்தார்.
திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
அடுத்த கதைக்குப் போவோம் என்றார்.

அடுத்தது கிணற்றுத் தவளை.
'இது நம்ம தவளைல்லா!
சீனாக்காரன் எப்பம் தூக்கிட்டுப் போனான்?'
மேலப்பாளையம் ரஹ்மத் பீவி கேட்க, ஒரே சிரிப்பு.
அங்கே ஒரு கடலாமை வந்து
தவளைக்குக் கடலைச் சொல்கிறது.
என் வீட்டில் தவளை மட்டும்தான் இருந்தது, வசவாக.
ஆமையை இன்றுதான் பார்க்கிறேன்.

வீட்டுப்பாடம்:
கீறல் கதையை நினைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம்.

மீனாட்சிபுரத்தில் எங்கள் சுவரில்
என் தோள் உயரத்துக்கு ஒரு செம்மண் கோடு,
மார்கழி வெள்ளம் போட்டது.
வெள்ளையடிக்க வந்த சொர்ணமுத்துவிடம்
அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.
கூலி குறையாது என்றார்.

கோட்டுக்குக் கீழே தையல் மிஷின் இருந்தது,
பக்கத்துப் பெட்டியில்
கொக்கி மட்டும் பாக்கியிருந்த பதினொரு ரவிக்கை.
ஒன்றுக்கு இன்னும் ஆள் வந்து கேட்கிறது.

அவன் கீறல் அவனோடு நகர்ந்தது.
என் கோடு அசையவே இல்லை.
ஆறுதான் புன்னைக்காயலுக்குப் போய்விட்டது,
அளவுத் துணிகளோடு.
எந்தக் கோபுரத்தை எந்தப் பனையோடு சேர்த்துப் பார்க்க?
ராயப்பனிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

எழுதினேன்: தண்ணீர் இதுவரை வந்தது.

டீச்சர் தண்ணீருக்கு முன்னால்
சிவப்பில் ஒரு 'தி' சேர்த்துக் கொடுத்தார்.
தெரிந்த தண்ணீர் என்றால்
அப்படித்தான் போட வேண்டுமாம்.