கச்சான் பின்னால் வரும்போது

வண்டி கான்டெஸா. வயது முப்பத்தேழு.
கியர்பெட்டி அதனுடையதல்ல,
புதுப்பேட்டையில் நொறுங்கிக் கிடந்த டொயோட்டா ஒன்றினுடையது.
என் இடது முழங்காலுக்குள் இருக்கும் எஃகும்
நான் பிறக்கும்போது இருந்ததில்லை.
கிளட்சை மிதிக்கமாட்டேன் என்றது அதுதான்.
ஆக, ஒட்டுப்போட்ட இரண்டு பேர்
கீழக்கரையிலிருந்து கிளம்புவோம்.

பொருத்தியவர் மண்டபத்து லூர்துராயன்.
விசைப்படகு இன்ஜின் பார்ப்பவர்.
மூடுமுன் காட்டினார்:
எண்ணெய்க்குள் எதிரெதிரே இரண்டு விசிறி.
"ஒண்ணு சுத்தும். எண்ணெய் போயி மத்ததைத் தள்ளும்.
ரெண்டும் தொட்டுக்கவே செய்யாது லாத்தா.
தொடாம இழுக்குறதுக்கு ஒரு கூலி உண்டு.
சூடா வாங்கிக்கும்."

முதல் சித்திரையில் குச்சியை உருவித் துடைத்தேன்.
நன்னாரி சர்பத் நிறத்தில் ஊற்றியது
கடுங்காப்பியாகி இருந்தது.
தொதல் கிண்டுகையில் ஒரு நொடி கை நின்றால்
சட்டியடியிலிருந்து எழும்புமே,
அதே வாசனை.

ரேடியேட்டருக்கு முன்னால் கூலர் வைத்தோம்,
பெரிய குர்ஆன் பலகை அகலத்தில், அலுமினியம்.
ஸ்டியரிங்குக்குக் கீழே
கழித்துப்போட்ட படகிலிருந்து எடுத்த வெப்பமானி.
எண்பதில் முள் நின்றால் நான் பாட்டு முணுமுணுப்பேன்.
நூறைத் தொட்டால் பேசமாட்டேன்.
மைமூனுக்கு இது தெரியும்.

அன்று ஆடி மாசம். பாம்பன் பாலம்.
ரயில் வரப்போகிறதென்று
சுற்றுலா வேன்களெல்லாம் நடுவில் நின்று
கம்பியோரம் செல்போனை நீட்டுகின்றன.
நடக்கும் வேகத்துக்கும் குறைவாக நகர்கிறோம்.
கடல் முழுக்கக் காற்று. வெள்ளை வெள்ளையாய் அலை.
"இவ்வளவு காத்துல எப்படிச் சூடாகும்?" என்கிறாள் மைமூன்,
மடியில் தொதல் டப்பாவோடு.

முன்னால் போகும் மீன் லாரியின் கொடியைப் பார்த்தேன்.
அது தீவைப் பார்த்துப் பறந்தது.
கச்சான்.
எங்கள் முதுகில் கைவைத்துத்
தள்ளிக்கொண்டு வருகிற காற்று
எங்கள் நெற்றிக்கு வரவே இல்லை.
இன்ஜின் விட்ட மூச்சை
இன்ஜினுக்கே திருப்பி ஊட்டிக்கொண்டிருந்தது.
நூற்றெட்டு.

நியூட்ரலில் போட்டு மெல்ல மிதித்தேன்,
எண்ணெய் சும்மா நிற்காமல் ஓடட்டும் என்று.
பின்னாலிருந்து ஹாரன்.
லாரிப் பையன் எட்டிப் பார்த்தான்,
வாளி நிறைய உடைத்த ஐஸோடு இறங்கி வந்தான்.
"ஊத்தவாக்கா?"
நல்ல பிள்ளை. வேண்டாமென்றேன்.
கொதிக்கிற அலுமினியத்தில் ஐஸ் பட்டால்
விரிசல் சிரிக்கும்.
ஒரு துண்டை மட்டும் வாங்கி
மைமூன் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.
நூற்றுப் பதினாறு.

பாலம் இறங்கியதும் ஓரங்கட்டி
வண்டியை முழுசாகத் திருப்பினேன்,
வந்த திசையைப் பார்த்து, கச்சானுக்கு முகம் கொடுத்து.
இன்ஜினை அணைக்கவில்லை.
பானெட்டைப் பாதி திறந்து
சவுக்குக் கட்டையால் முட்டுக்கொடுத்தேன்.
ராமேஸ்வரம் போகிறவர்கள் எல்லாம்
ஊர் திரும்ப நிற்கிற வண்டியென்று நினைத்திருப்பார்கள்.
நூற்றுப் பத்து. நூற்று இரண்டு.
தொண்ணூறு வரும்வரை
பெண்வீட்டில் எங்களுக்காக இலை போடாமல் காத்திருந்தார்கள்.
மைமூன் போனில் சொல்கிறாள்:
"இல்ல, கெட்டுப்போகல. காத்து வாங்குது."

உப்புக்காற்றில் ஒரு குறை உண்டு.
குளிர்விக்கும், கூடவே தின்னும்.
வீடு திரும்பியதும் கூலரின் மெல்லிய தகடுகளை
நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.
எங்கள் தெருவில் நல்ல தண்ணீர்
ட்ராக்டரில் வரும், குடம் குடமாய் விலைக்கு.
இரவு பத்தரைக்கு டார்ச்சைக் கடித்துக்கொண்டு
சொம்பு சொம்பாக ஊற்றுகிறேன்,
கோணிய தகடுகளைப் பல்குச்சியால் நிமிர்த்துகிறேன்.
வாசற்படியில் நின்று எண்ணியவள்
உள்ளே போய்
தண்ணீர்க் கணக்கு நோட்டில் எழுதுகிறாள்:
சமையல், மூணு.
குடிக்க, ரெண்டு.
வண்டி, அரை.